பின் சீட் இல்லாத வண்டி

என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி இப்போது பழைய கார் விற்கும் கம்பெனி ஒன்றில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். போன மாதம் கீரனூர் பக்கம் வந்தவள், என் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். என்ன வண்டி, எந்த வருடத்து வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை வருடம் வைத்திருப்பதாக உத்தேசம் என்று நாலைந்து கேள்வி கேட்கிறது. பதில் தட்டினால், அந்த வண்டியை வாங்கி வைத்துக்கொள்ள மொத்தம் என்ன செலவாகும் என்று உடனே சொல்லிவிடுகிறது.

"நீங்க மூணு நாள் உக்காந்து போடுறத இது மூணு செகண்டுல போட்டுரும் சார். சும்மா எதாச்சும் ஒரு வண்டியப் போட்டுப் பாருங்க. எதுவும் விட்டுப்போயிருந்தாச் சொல்லுங்க, சேத்துருவோம்" என்றாள்.

போட்டுப் பார்க்க எனக்கு ஒரே ஒரு வண்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. மஞ்சள் நிறம், இரண்டே பேர் உட்காரும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். விவரங்களைத் தட்டினேன். வந்த தொகை, நாலைந்து வருடம் முன்னால் ஒருவருக்கு நான் தாளில் போட்டுக் கொடுத்த தொகையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம். இரண்டு கணக்கும் சரி என்றால் பிசகு எங்கே நடந்தது? பிசகே நடக்கவில்லையா? இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் முப்பத்துநான்கு வருடம் கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போய்வந்தவன். வேலை, கார்களை மதிப்பிடுவது. இன்ஷூரன்ஸுக்காகப் பார்ப்போம், பாங்குக் கடனுக்காகப் பார்ப்போம், பழைய கார் வாங்குகிறவர்கள் கூப்பிட்டாலும் போய்ப் பார்ப்போம். எனக்கென்று ஒரு கார் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. "ஊரான் காருக்கெல்லாம் ஜாதகம் பாக்குறவரு, கட்டுன பொண்டாட்டிய டவுன் பஸ்ஸுலயே கூட்டிக்கிட்டுப் போறாரு" என்று என் மனைவி உறவுக்காரர்கள் நடுவில் வைத்துக் கிண்டல் செய்வாள். கிண்டல் நியாயமானதுதான். வண்டியின் உள்விவகாரம் தெரிந்தவனுக்கு வாங்கத் தைரியம் வருவதில்லை.

வேலை கற்றுக்கொண்ட ஆறு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிரீஸ், ஏணி, டார்ச் லைட், வெயில். சேவியர் சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஆவூர்க்காரர். திருச்சியில் ஆபீஸ் வைத்திருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டையைத் தவிர வேறு எதிலும் நான் அவரைப் பார்த்ததில்லை. வண்டியின் கீழே படுத்து எழுந்தாலும் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. எப்படி என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு வண்டி முன்னால் போய் நின்றால் அவர் முதலில் வாயைத் திறக்க மாட்டார். மெதுவாக ஒரு சுற்று வருவார். டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நாலு எண் இருக்கும். நாலு டயரிலும் அதைக் குனிந்து படிப்பார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பார். பிறகு சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறி, வண்டியின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பும்வரை ஒரு பேச்சும் கிடையாது. இறங்கியதும் "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் தாங்களாகவே உண்மையைக் கொட்டுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அறிக்கையைக் கையில் கொடுக்கும்வரை அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

வண்டி வைத்துக்கொள்ள என்ன செலவாகும் என்று யாராவது கேட்டுவிட்டால் அதற்குத் தனி முறை. வண்டி நிற்கப்போகிற இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்குப் போகிற ரோட்டைப் பார்க்க வேண்டும். "வண்டிக்கு மட்டும் செலவு போடாதய்யா சண்முகம். இந்த வண்டியும் இந்த ஆளும் சேந்தா என்ன செலவுன்னு போடு" என்பார்.

அவரிடம் எனக்கு ஒத்துவராதது ஒன்று உண்டு. புதுக்கோட்டை வியாபாரி ஒருவர் மலிவாக வந்த கார் ஒன்றைக் காட்டினார். சேவியர் சார் பெல்ட்டை இழுத்தார். கடைசி முழத்தில் சேற்றுக் கறை, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. அறிக்கையில் "இடது பெல்ட்டின் கடைசி முழத்தில் சேற்றுக் கறை உள்ளது" என்று மட்டும் எழுதினார். வியாபாரி அதைப் படித்தும் புரியாமல் வாங்கிவிட்டார். மூன்றாம் மாதமே வண்டி படுத்துவிட்டது. ஆபீஸுக்கு வந்து சத்தம் போட்டார். "வாங்காதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" சேவியர் சார் அசையவில்லை. வியாபாரி போனபிறகு என்னிடம் சொன்னார்: "பாத்ததை எழுதுறதுதான் நம்ம வேலை. வாங்கு, வாங்காதன்னு வாயில வந்துச்சுன்னா நாம புரோக்கர்." எனக்கு அந்த வியாபாரியின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. ஆனால் எதிர்த்துப் பேசவில்லை.

எங்கள் மாவட்டத்தில் லீவு வண்டி என்று ஒரு ரகம் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர் லீவில் வரும்போது கார் வாங்குவார். ஒன்றரை மாதம் ஓடும். அப்புறம் அவர் விமானம் ஏறிவிடுவார், வண்டி கொட்டகைக்குள் போய்விடும். வண்டி வீணாகிவிடக் கூடாதே என்று வீட்டில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒருநாள் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார்கள். கடற்கரைப் பக்கம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, ஆவூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து. எண்ணம் நல்லதுதான். ஆனால் வண்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் இன்ஜின் முழுசாகச் சூடேறாது. உள்ளே ஊறும் ஈரம் வெளியே போகாமல் ஆயிலில் கலந்து, ஆயில் மூடியைத் திறந்தால் வெண்ணெய் மாதிரி அப்பிக்கொண்டிருக்கும். "ஓட்டுனா ரோட்டுல ஓட்டுங்க, இல்லாட்டித் தொடாதீங்க" என்று நூறு வீட்டிலாவது சொல்லியிருப்பேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருடம் அப்துல் கனி பாய் கூப்பிட்டார். கட்டுமாவடிக்காரர். வளைகுடாவில் ஒரு பணக்கார வீட்டில் இருபது வருடம் டிரைவராக இருந்து, இனிப் போவதில்லை என்று ஊருக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கையில் இருந்த மொத்தச் சேமிப்பில் பாதியைப் போட்டு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க நினைத்தார். திருச்சியில் ஒரு வியாபாரியிடம் அது வந்து நின்றது. மீதிப் பணத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை போடுவதாகத் திட்டம்.

திருச்சியில் வண்டியைப் பார்த்தேன். ஒன்பது வருடத்து வண்டி, ஒன்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மேலுக்குப் பார்த்தால் நேற்றுப் பிறந்தது மாதிரி இருந்தது. டயரைக் குனிந்து படித்தேன். நாலும் வண்டியோடு பிறந்த டயர். தேயவே இல்லை, ஆனால் வயதாகி ரப்பர் இறுகிப்போயிருந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும். பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், சுத்தமாக இருந்தது. அடுத்து வழக்கப்படி பின் சீட்டில் ஏறப் போனேன். பின் சீட்டே இல்லை! முப்பது வருடத்தில் முதல்முறையாக எங்கே உட்காருவது என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

"முன்னாடி வாங்க சார்" என்று கனி பாய் சிரித்தார்.

முன்னால் உட்கார்ந்தது தரையில் சம்மணம் போட்டமாதிரி இருந்தது. பக்கத்தில் போன பஸ்ஸின் சக்கரம் என் முகத்துக்கு நேராக உருண்டது. கண்ணை மூடிக்கொள்ளவும் பயம், திறந்து வைத்திருக்கவும் பயம். புதுக்கோட்டை ரோட்டில் அவர் முப்பது நாற்பதிலேயே ஓட்டினார். கண்ணாடியை இறக்கிவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். காலியாக ஒரு நீளத் துண்டு வந்ததும் ஒரே ஒரு தடவை மிதித்தார். என் முதுகு சீட்டோடு போய் அறைந்தது. அடுத்த நிமிடமே பழையபடி நாற்பது.

"அங்க இருந்த வீட்டுல இதே மாதிரி ஒண்ணு நின்னுச்சு சார். டெய்லி நான்தான் கழுவணும், நான்தான் எடுத்துத் திருப்பி நிறுத்தணும். இருவது வருஷம் கேட்டுக்குள்ளயே ஓட்டியிருக்கேன். ரோட்டுல இன்னைக்குத்தான்."

எனக்கு "அப்புறம்?" என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் முறைப்படி கட்டுமாவடிக்குக் கிளம்பினேன். அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே போனேன். வீடு வருவதற்குள் இருபத்தாறு. அதில் பதினொன்றில் அந்த வண்டியின் வயிறு இடிக்கும். வீட்டு வாசல் சரிவில் முகம் இடிக்கும். கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் பிரேக் தட்டு துருப்பிடிக்கும். கூடத்தில் உட்கார்ந்து தாளை விரித்தேன். வண்டி கர்நாடகப் பதிவு, ஆகவே இங்கே மறுபதிவும் ஆயுள் வரியும். இன்ஷூரன்ஸ். டயர் வெளியூரில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். சர்வீஸுக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். ஒன்றும் உடையாமல் இருந்தாலே வருடச் செலவு பட்டறையின் வருமானத்தைத் தின்றுவிடும் என்று தெரிந்தது.

கனி பாய் தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். அவரே அதைத் தன் பழைய மாதச் சம்பளத்தால் வகுத்தார். பிறகு சொன்னார்:

"அப்ப இது ஓடணும்னா நான் அங்க போயிச் சம்பாதிக்கணும். நான் அங்க போயிட்டா இது இங்க ஓடாது. நல்லாருக்கு சார் கணக்கு!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

எனக்கு மீன் கொடுத்தனுப்ப வேண்டுமென்று அவர் கடற்கரைக்குப் போன சமயம், அவர் மனைவி ஜொகரா கூடத்து நிலைப்படி அருகே வந்து நின்றார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்.

"சார், வண்டி நல்ல வண்டின்னு எழுதிக் குடுங்க. வாங்கச் சொல்லுங்க."

நான் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று பார்த்தேன். எந்த வீட்டிலும் மனைவிமார் என்னைத் தனியே பார்த்துச் சொல்வது இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும்.

"ஏம்மா, செலவு எவ்வளவுன்னு பாத்தீங்களா? கையில இருக்குறது ரெண்டு மூணு வருஷத்துல கரைஞ்சுரும்."

"கரையட்டும் சார். கரையுற வரைக்கும் இங்கிட்டு இருப்பாகள்ல?"

நான் தாளை மடித்து வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"வந்து நாலு மாசமாச்சு சார். ஊருல மனசு ஒட்டவே இல்ல அவுகளுக்கு. கடலப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாக. எந்நேரமும் விசா பேச்சுதான். இந்த வண்டி கண்ணுல பட்டதுலேர்ந்துதான் அந்தப் பேச்சையே எடுக்கல. எனக்குக் கல்யாணமாயி இருவத்திரெண்டு வருஷம். அவுக வந்த லீவையெல்லாம் சேத்தா ரெண்டு வருஷம்கூட வராது."

"கரைஞ்சதுக்கப்புறம் திரும்பப் போகத்தானேம்மா வேணும்? பட்டறையும் போயிரும்."

"அது அப்ப. நான் இப்பத்தச் சொல்றேன்."

கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டார்.

கீரனூருக்கு வந்து மூன்று நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு திண்டாடினேன். வண்டியும் ஆளும் சேர்ந்தால் என்ன செலவு என்று சேவியர் சார் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த ஆளோடு இன்னொருவரும் சேர்ந்திருந்தால் எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்கலாமென்றால் அவர் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. வண்டி வாங்கினால் கனி பாய் திரும்பப் போக வேண்டிவரும் என்றது என் தாள். வாங்காவிட்டால்தான் போய்விடுவார் என்றார் ஜொகரா. தாளைப் பார்த்தால் தாள் சொல்வது சரி. அந்த அம்மாவின் முகத்தை நினைத்தால் அவர் சொல்வது சரி. சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று மனைவி கேட்டதற்கு "பதினொண்ணு இடிக்குது" என்று பதில் சொன்னேனாம்.

பார்த்ததை மட்டும் அறிக்கையாக எழுதி அனுப்பிவைத்தேன். நாலாம் நாள் கனி பாய் போன் செய்தார். "சார், எல்லாம் படிச்சிட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வாங்கவா, வேணாமா?"

புதுக்கோட்டை வியாபாரி போட்ட சத்தம் காதில் கேட்டது. இந்த மனிதரையும் அப்படி விட்டுவிடக் கூடாது என்று தோன்றியது. முப்பத்துமூன்று வருடத்தில் சொல்லாததைச் சொன்னேன்.

"வாங்காதீங்க பாய்."

"சரி சார்" என்றார்.

அதோடு நிற்கவில்லை நான். குடும்பத்துக்கு ஏற்றதாக, செலவு வைக்காத ஒரு சின்ன வெள்ளைக் காரையும் நானே பார்த்துச் சொன்னேன். வாங்கினார். பட்டறைக்கு இடம் பார்க்கிறேன் என்றார். மூன்றாம் மாதம் விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். "பழைய வீட்டுலயே கூப்பிடுறாக சார். ரெண்டு வருஷம் போயிட்டு வந்துர்றேன்."

அங்கிருந்து பெருநாளுக்குப் பெருநாள் பேசினார். "நல்ல நேரத்துல காப்பாத்துனீங்க சார். அந்த வண்டிய வாங்கியிருந்தா நான் அவுட்டு" என்பார் ஒவ்வொரு தடவையும். ஜொகரா ஒரு தடவைகூட என்னிடம் பேசவில்லை. ஒரே தாளுக்கு ஒருவர் நன்றி சொல்கிறார், ஒருவர் முகம் கொடுக்கவில்லை. நான் செய்தது எது? அந்த வண்டி வந்திருந்தாலும் அவர் போயிருப்பார் என்று சில நாள் தோன்றும். இல்லை, கேட்டுக்கு வெளியே ஓட்டத்தான் அவர் ஊருக்கே வந்தார், அதைக் கெடுத்தது நான்தான் என்று சில நாள் தோன்றும். ரெண்டு வருஷம் என்று போனவர் நாலு வருடமாக அங்கேதான் இருக்கிறார்.

செயலியில் தொகை பார்த்துக் குழம்பிக் கிடந்த அதே வாரத்தில் ஜொகராவிடமிருந்து போன் வந்தது.

"சார், நான் கட்டுமாவடி ஜொகரா. வண்டியோட சத்தம் மாறிப்போச்சு. ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?"

போனேன். கொட்டகையில் வெள்ளைக் கார் துடைத்து வைத்த எவர்சில்வர் மாதிரி இருந்தது. மீட்டரில் மூவாயிரத்துச் சொச்சம். நின்று நின்று டயரின் அடி தட்டையாகியிருந்தது. பாட்டரி தளர்ந்திருந்தது. ஆயில் மூடியைத் திறந்தேன். மூடி முழுக்க வெண்ணெய்.

"வாரா வாரம் ஸ்டார்ட் பண்றீங்களாம்மா?"

"ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்ல சார். தொழுதுட்டு வந்து, சாவியப் போட்டுட்டு உள்ளயே பத்து நிமிஷம் ஒக்காந்திருப்பேன்."

நூறு வீட்டில் சொன்ன வாசகம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவரே சொன்னார்:

"எனக்கு ஓட்டத் தெரியாது சார். அவுக வந்து எறங்குனா முதல்ல இதத்தான் எடுப்பாக. இந்தச் சத்தம் கேட்டா, வீட்டுல ஆள் இருக்குற மாதிரி இருக்கும்."

அறந்தாங்கியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்து, ஆயிலை மாற்றி, புது பாட்டரி போட வைத்தேன். ஸ்டார்ட் செய்தபோது ஜொகரா கதவோரம் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆமா சார், இதுதான்" என்றார். நல்ல வண்டி பார்த்துக் கொடுத்தீர்கள், நாலு வருடத்தில் செலவே வைக்கவில்லை என்றும் சொன்னார். குத்திச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா, தெரியவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்தேன்.

பஸ்ஸுக்கு நின்றபோது கனி பாயிடமிருந்து செய்தி வந்தது. வண்டி எப்படி இருக்கிறது, என்ன கோளாறு, இனிமேல் வராமல் இருக்க வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொன்னார். ஆயில், பாட்டரி, டயர் என்று பார்த்ததை எல்லாம் எழுதினேன். வெள்ளிக்கிழமைப் பத்து நிமிடத்தை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன். அன்றைக்குச் சொல்லக் கூடாததைச் சொன்னவன், இன்றைக்கு எழுத வேண்டியதை எழுதவில்லை. இரண்டில் எது தப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

உடனே அவரிடமிருந்து பதில் வந்தது. "ரொம்ப நன்றி சார். வேற ஒண்ணும் செலவு இல்லையே?"

பஸ் வந்து நின்றது. "இல்லை பாய்" என்று அனுப்பிவிட்டு அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினேன். வேகத்தடைகள் ஒவ்வொன்றாக வந்தன. இந்தத் தடவை நான் எண்ணவில்லை.